உப்போடு வந்த கொள்ளைநோய்

போன சனிக்கிழமை நண்பர்களோட உட்கார்ந்து 'சிவிலைசேஷன்' பலகை விளையாட்டு ஆடினேன். 1980ல் பிரான்சிஸ் டிரஷாம் உருவாக்கியது. மத்தியதரைக்கடல் வரைபடம்; தாயக்கட்டையே கிடையாது. சரக்குச் சீட்டு மாத்தித்தான் பேரரசை வளர்க்கணும். ஒரே சரக்கு சேரச் சேர மதிப்பு எகிறும். ஒரு உப்புக்கு 3, மூணு உப்புக்கு 27! ஆசைப்பட்டு மாத்தினேன். பக்கத்துல இருந்தவன் உப்போட சேர்த்துக் கொள்ளைநோய்ச் சீட்டையும் சத்தமில்லாம தலையில கட்டிட்டான். பாதி நாடு காலி.

அநியாயம்னு கத்தினேன். அப்புறம் யோசிச்சா, வரலாறே அப்படித்தாங்க.

1982ல் துருக்கிக் கரையோரம் உலுபுருன்ல கண்டுபிடிச்ச கப்பல், கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கினது. உள்ளே சுமார் 10 டன் செம்பு, 1 டன் வெள்ளீயம். வெண்கலத்துக்கு வேண்டிய அதே பத்துக்கு ஒன்று! செம்பு பெரும்பாலும் சைப்ரஸ் சரக்கு. வெள்ளீயம் அங்கே கிடையாது. கடல் தாண்டி வாங்காம ஒரு வாள்கூட செய்ய முடியாது.

ஆனா அதே கடல்தான், கி.பி. 541ல் எகிப்தின் பெலூசியத்தில் தலைகாட்டிய கொள்ளைநோயை அடுத்த வருஷமே கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டு போச்சு.

மறுநாள் ஆட்டத்துல யாரோடயும் மாத்தாம கதவைச் சாத்திக்கிட்டேன். நோய் வரலை, கடைசி இடம்தான் வந்தது. நீங்களா இருந்தா என்ன செய்வீங்க மக்கா?