மகா ஓயா வற்றிய வருடமும் மடகஸ்கார் பயணமும்

எங்கள் உம்மும்மா ஆறு பெருகினால் அவ்வளவாகப் பதற மாட்டா. வற்றினால்தான் முகம் மாறும். கெலிஓயாப் பக்கம் மகாவலியில் பாறைகள் தலைகாட்டத் தொடங்கினால், "ஆறு வத்தினா காய்ச்சல் வரும் மகன்" என்பா. சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அவ பிறந்தது மாவனல்லையில், மகா ஓயாக் கரையில். 1934இல் அவவுக்குப் பத்து வயது.

அந்த வருடம் தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் ஓடிப் பழகிய மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் மகாவலியும் குட்டை குட்டையாகத் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்புக்கு வெயில் படும் தெளிந்த தேக்கநீர்தான் வசதி. வருடக் கடைசியில் கிளம்பிய காய்ச்சல் 1935 முடிவதற்குள் சுமார் 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. நாட்டின் சனத்தொகையே அன்று ஏறக்குறைய 55 இலட்சம்தான். நோய் கண்டவர்கள் 15 இலட்சம் அளவில். கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. "கபுறு வெட்ட ஒரு ஆம்புளயும் எழும்பேலாமக் கிடந்தாங்க" என்று உம்மும்மா சொல்லுவா. அதற்கு மேல் பேச மாட்டா. அந்நாளில் கேகாலைப் பக்கத்துக் கிராமங்களில் பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மஹத்தயா' என்றே பின்னாளிலும் அழைத்தார்கள்.

ஒரு கேள்வி வெகுநாள் என்னை அரித்தது. மலேரியா என்றால் அநுராதபுரம், புத்தளம் போன்ற உலர் வலயத்து நோய்தானே? கண்டி இராச்சியத்தில் தாவள மாடுகளோடு உப்புக்கும் கருவாட்டுக்கும் போய்வந்த நம் முன்னோர் கடந்த காடுகள் அவை. அப்படியிருக்க, ஈரவலயத்தில் ஏன் இத்தனை மய்யித்து? விடை இதுதான்: உலர் வலயத்தில் அடிக்கடி காய்ச்சல் கண்டு தப்பிப் பிழைத்தவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருந்தது. மாவனல்லைக்காரருக்கு அது இல்லை. நோயைக் காணாத ஊர்தான் நோய்க்கு இலேசான இரை.

1946இல் டீடீடீ தெளிப்பு பரவலாகத் தொடங்கி, 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்கே மலேரியா என்ற நிலை வந்தது. கை தளர்ந்ததும் சில வருடங்களில் இலட்சக்கணக்கில் திரும்பியது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது. நுளம்பு மட்டும் எங்கும் போய்விடவில்லை.

போன வருடம் என்னிடம் தமிழ் படித்த ஒரு பிள்ளை ஸலாம் சொல்லிப் போக வந்தான். மடகஸ்காரில் இலாகாகா, நீலக்கல் யாவாரம். பேருவளை, இரத்தினபுரி வியாபாரிகள் எத்தனையோ காலமாகப் போய்வரும் இடம். மலேரியா மருந்து எடுத்தாயா என்றேன்.

"நம்மட நாட்டுலதான் மலேரியா இல்லியே சேர், எனக்கென்னத்துக்கு?"

எனக்குத் திக்கென்றது. 1934இன் மாவனல்லைக்காரன் பயணப் பையோடு முன்னால் நிற்கிறான்! ஆபிரிக்காவில் அதிகம் காணப்படும் ஃபால்சிபாரம் வகை, சிகிச்சை தாமதித்தால் சில நாட்களிலேயே உயிரை எடுத்துவிடும். உம்மும்மாவின் கதையைச் சொன்னேன். பாடத்தில் கேட்காதவன் இதைக் கேட்டான்.

நாரஹேன்பிட்டியில் உள்ள மலேரியா தடுப்பு இயக்கத்தில் பயணிகளுக்கு மருந்து இலவசம். எந்த மருந்து என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். இவனுக்குக் கொடுத்தது மெஃப்லோகுயின்: வாரத்துக்கு ஒன்று, புறப்பட இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் நாலு வாரம். இந்தக் கடைசி நாலு வாரத்தைத்தான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். கிருமி அதற்குள்ளும் தலைதூக்கும். மருந்து எடுத்தாலும் மருந்திட்ட நுளம்பு வலைக்குள்தான் படுக்க வேண்டும். மஃரிபுக்குப் பிறகு நீளக்கைச் சட்டை. திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், எங்கே போய்வந்தோம் என்பதை வைத்தியரிடம் நாமாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்குதான் முதலில் நினைவுக்கு வரும். நம் இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளியைக் கண்டதே இல்லை.

தன் உயிர் மட்டுமா? 2018இல் மொனராகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூர்வாசி ஒருவருக்குத் தொற்றியது. அதிகாரிகள் விரைந்து தடுத்ததால் பரவவில்லை.

பிள்ளை ஜும்ஆ நாளில் குளிசை போடுவதாக வைத்துக்கொண்டான், மறக்காது என்று. போன மாதம் வந்து இறங்கியவன் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தான்: "சேர், இன்னும் ரெண்டு வெள்ளி இருக்கு."