போலீஸ்காரன் திரும்பி நின்ற நாள்

வேகமாகப் போகிறவனுக்கு உலகத்தில் இரண்டு விதமான வரவேற்பு உண்டு. ஓர் இடத்தில் மாலை போடுவார்கள். இன்னோர் இடத்தில் அபராதம் போடுவார்கள். செய்த காரியம் ஒன்றுதான், செய்த இடம்தான் வேறு. நடுவே ஒரு தேசத்தின் எல்லை இருந்தால் போதும். சில சமயம் ஒரு கயிறு இருந்தாலே போதும். மோட்டார்ப் பந்தயத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஓடினவர்களின் கதைக்குப் பக்கத்திலேயே பிடித்தவர்களின் கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடினவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பிடித்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசலாமே!

இந்தக் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1865-ஆம் வருஷம் அந்த நாட்டுப் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது. இயந்திரத்தால் ஓடும் வண்டி எதுவானாலும் கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. ஊருக்குள் 2 மைல். வண்டியோடு மூன்று ஆட்கள் இருக்கவேண்டும். அவர்களில் ஒருவன் 60 கஜம் முன்னால் கையில் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். நம் ஊர்க் காளை வண்டி சற்று மனசு வைத்தால் இந்த இயந்திரத்தைத் தாண்டிப் போய்விடும். பிற்பாடு 1878-இல் கொடி கட்டாயமில்லை என்றார்கள். தூரமும் 20 கஜமாகக் குறைந்தது. ஆனால் முன்னால் நடக்கும் மனிதன் மட்டும் போகவில்லை.

1896 ஜனவரி 28-ஆம் தேதி கெண்ட் ஜில்லாவில் பாடக் வுட் என்ற ஊர் வழியாக வால்டர் ஆர்னால்டு என்பவர் மோட்டார் வண்டி ஓட்டிச் சென்றார். முன்னால் நடக்க ஆள் கிடையாது. வேகமோ 8 மைல்! சாப்பிட்டுக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் எழுந்து சைக்கிளில் ஏறித் துரத்தினார். ஐந்து மைல் தூரம் மிதித்துப் பிடித்தார் என்கிறார்கள். கோர்ட்டில் வேகத்துக்காக விதித்த அபராதம் 1 ஷில்லிங். அதிவேகத்துக்காக மோட்டார்க்காரர் ஒருவர் தண்டனை பெற்றது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்பார்கள். ஆர்னால்டுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர் மோட்டார் வண்டி விற்கிறவர். போலீஸ்காரர் வேர்க்க விறுவிறுக்கத் துரத்தவேண்டியிருந்த வண்டி என்பதைவிட நல்ல விளம்பரம் வேறு எது?

அதே வருஷம் நவம்பரில் சட்டம் தளர்ந்தது. 14 மைல் வரை போகலாம் என்று பார்லிமெண்ட் அனுமதித்தது. இலாகாக்காரர்கள் அதை 12 ஆகக் குறைத்தார்கள். மோட்டார்க்காரர்கள் சிவப்புக் கொடி ஒன்றைக் கிழித்துப் போட்டுவிட்டு லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகப் போனார்கள்.

இங்கே 12 மைலுக்குக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்க, கால்வாயைத் தாண்டினால் பிரான்ஸில் நிலைமையே வேறு. அங்கே நகரத்திலிருந்து நகரத்துக்குப் பொதுச் சாலையிலேயே பந்தயம் விட்டார்கள். வேகத்தில் ஆசை கொண்ட ஆங்கிலேயர்கள் அங்கேதான் போனார்கள். தன் நாட்டில் குற்றவாளியாக இருந்தவன் கடலைக் கடந்ததும் வீரனாகிவிடுவான்.

1902-இல் பாரிஸிலிருந்து வியன்னாவுக்கு ஒரு பந்தயம் நடந்தது. வழியில் ஸ்விட்ஜர்லாந்து குறுக்கே கிடந்தது. அந்த நாட்டார் பந்தயத்துக்கு இணங்கவில்லை. ஆகவே, அசுர வேகத்தில் வந்த வண்டிகளெல்லாம் ஸ்விஸ் எல்லைக்கு வந்ததும் சாதுக்களாகி, கட்டுப்பாட்டோடு ஊர்ந்து, ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த பிறகு மறுபடியும் பேய்களாயின. ஸ்விஸ்காரர்கள் விஷயத்தில் இது ஆச்சரியமில்லை. அந்நாட்டின் கிராபுண்டன் மாகாணம் 1900 முதல் 1925 வரை மோட்டார் வண்டியே தன் சாலைகளில் வரக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தது. ஜனங்களிடம் திரும்பத் திரும்ப ஓட்டுக் கேட்டார்கள்; அவர்களும் திரும்பத் திரும்ப 'வேண்டாம்' என்றார்கள். பிறகுதான் மனசு இரங்கினார்கள்.

அந்த வியன்னாப் பந்தயத்தோடு சேர்த்து, பாரிஸிலிருந்து இன்ஸ்புரூக் வரையில் இன்னொரு போட்டியும் நடந்தது. 'நியூயார்க் ஹெரால்டு' பத்திரிகையின் சொந்தக்காரர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் வைத்த கோப்பைக்கான போட்டி அது. அதில் நேப்பியர் வண்டியில் சென்ற ஸெல்வின் எட்ஜ் ஜெயித்தார். இங்கிலாந்துக்குப் பெருமைதான். ஆனால் கோப்பையின் விதியில் ஒரு சிக்கல் இருந்தது. ஜெயித்த நாடுதான் அடுத்த வருஷப் பந்தயத்தை நடத்தவேண்டும். 12 மைலுக்கு மேல் போனால் அபராதம் என்ற நாட்டில் உலகத்தின் மிகப் பெரிய மோட்டார்ப் பந்தயத்தை எப்படி நடத்துவது? கல்யாணத்துக்குத் தேதி வைத்த பிறகு, வீட்டில் சமைக்கக் கூடாது என்று விதி இருப்பது நினைவுக்கு வந்த மாதிரி ஆயிற்று.

வழி ஒன்று கண்டுபிடித்தார்கள். அயர்லாந்தில் நடத்துவது, அதற்கென்று தனிச் சட்டம் செய்வது. எதற்கெடுத்தாலும் சண்டை போடும் ஐரிஷ் அங்கத்தினர்கள் இந்த மசோதாவைக் கட்சி பேதமின்றி ஆதரித்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்தால் பணமும் வரும் அல்லவா? 1903 மார்ச் 27-இல் சட்டம் நிறைவேறியது. குறித்த நாளில் குறித்த சாலைகளை மூடலாம். அங்கே வேக வரம்பு கிடையாது.

இதற்கிடையில் பிரான்ஸில் பயங்கரம் ஒன்று நடந்துவிட்டது. மே 24-ஆம் தேதி பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்குப் பந்தயம். வெர்சேல்ஸிலிருந்து விடிவதற்கு முன்பே வண்டிகள் புறப்பட்டன, இருநூறுக்கு மேற்பட்டவை. சாலையின் இரு பக்கத்திலும் லட்சக்கணக்கான ஜனங்கள். வண்டி வந்தால் விலகவேண்டும் என்பது கூடப் பலருக்குத் தெரியாது. வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிக்க அவர்களுடைய கண் பழகியிருக்கவில்லை. குதிரையைப் பார்த்துப் பழகிய கண் அது. போதாதற்குப் புழுதி. முன்னால் போகிறவன் கிளப்பிய புழுதியில் பின்னால் வருகிறவன் சாலையைக் காணாமல் மரங்களின் உச்சியைப் பார்த்து ஓட்டினான். மார்ஸெல் ரெனோ அதில் உயிரை இழந்தார். ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பிரெஞ்சு சர்க்கார் பந்தயத்தைப் போர்டோ நகரத்தோடு நிறுத்திற்று. வண்டிகளை அவற்றின் சொந்த இயந்திரத்தால் நகர்த்தக் கூட விடாமல், குதிரை பூட்டி இழுத்து ரயிலில் ஏற்றினார்கள் என்று சொல்வார்கள். போர்டோ வரையில் மற்றவர்களைவிட வேகமாக வந்த கப்ரியேலின் சராசரி வேகம் மணிக்கு 65 மைல். அன்றைக்கு அதைக் கொண்டாட யாருக்கும் வாய் வரவில்லை.

அயர்லாந்துப் பந்தயத்துக்கு இன்னும் ஆறு வாரங்கூட இல்லை. இத்தனை சாவுக்குப் பிறகு அதை நடத்துவதா? நடத்துவதென்று தீர்மானித்தார்கள், ஆனால் ஏற்பாடு வேறு விதம். ஊரிலிருந்து ஊருக்கு ஓடுவதற்குப் பதில் கில்டேர், கார்லோ பிரதேசத்தில் சுற்றிச் சுற்றி வரும் வளையம். மொத்தம் சுமார் 327 மைல். 12 வண்டிகள் மட்டும். காவலுக்கு 7,000 போலீஸார். அவர்களுக்குத் துணையாகச் சிப்பாய்கள். ஜனங்களைச் சாலையில் விடாதே, திருப்பங்களில் நிற்க விடாதே என்பது உத்தரவு.

அந்த ஜூலை 2-ஆம் தேதியை மோட்டார் சரித்திரக்காரர்கள் வேறு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு ஜெர்மனியில் மெர்ஸிடிஸ் தொழிற்சாலை தீப்பிடித்து, தயாராயிருந்த பந்தய வண்டிகள் எரிந்து போயின. ஏற்கெனவே விற்ற வண்டிகளை வாங்கியவர்களிடமே கடன் கேட்டு எடுத்து வந்தார்கள். அப்படி இரவல் வாங்கிய வண்டியில்தான் கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் ஜெயித்தார். சிவந்த தாடி, 'சிவப்புப் பிசாசு' என்று பட்டப்பெயர். சராசரி வேகம் 49 மைல். சார்ல்ஸ் ஜாரட் என்ற ஆங்கிலேயரின் வண்டி கவிழ்ந்தது. அவரும் மெக்கானிக்கும் இறந்துவிட்டார்கள் என்று எண்ணி இருவரையும் படுக்க வைத்து வெள்ளைத் துணியால் மூடிவிட்டார்களாம். துணிக்குள்ளிருந்து இருவரும் பேசினார்கள்! எதிர்க் கோஷ்டியைச் சேர்ந்த டி காட்டர்ஸ் பிரபு தம் வண்டியை நிறுத்தி விசாரித்துவிட்டு, "இருவரும் உயிரோடிருக்கிறார்கள்" என்று மேடைக்கு எதிரே மறுபடியும் நிறுத்தித் தகவல் சொல்லிவிட்டுப் போனார். பந்தயத்தில் நேரத்தைத் தியாகம் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஓடுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இதெல்லாம் சரிதான். ஆனால் எனக்கு அந்த 7,000 போலீஸார்தான் முக்கியமாகப் படுகிறார்கள். அதுவரையில் சாலையில் நின்ற கான்ஸ்டபிள் எந்தப் பக்கம் பார்த்து நின்றான்? வண்டியைப் பார்த்து நின்றான். நடக்கிறவனும், ஆடு மேய்க்கிறவனும், பள்ளிக்கூடம் போகும் குழந்தையும் அவனுக்கு முதுகுப்புறம் இருந்தார்கள். அவன் காவலில் இருந்தார்கள். சாலை அவர்களுடையது, வண்டிதான் வேற்றாள். அன்று கில்டேரில் அதே கான்ஸ்டபிள் திரும்பி நின்றான். வண்டிக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து, "விலகு, உள்ளே போ" என்றான். அன்று பகல் முழுவதும் அவர்கள் அன்றாடம் நடந்த சாலையில் அவர்களே கால் வைக்கக் கூடாது. ஒரு நாள் சட்டந்தான். ஜனங்களின் உயிரைக் காக்கச் செய்ததுதான். அவ்வளவு பெரிய பந்தயத்தில் யாரும் சாகவில்லை என்பதும் உண்மை. ஆயினும் சாலை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அன்றுதான் வேறு பதில் எழுதத் தொடங்கினார்கள் என்று நினைக்கிறேன். சிவப்புக் கொடி பிடித்தவன் வண்டியை ஊருக்கு அறிவித்தான். இப்போது ஊரை வண்டிக்காக ஒதுக்கி வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து பழைய உலகம் திரும்பிவிட்டது. 1904 ஜனவரி முதல் பிரிட்டனில் புதுச் சட்டம் வந்தது. வண்டிக்கு எண் பலகை, ஓட்டுகிறவனுக்கு லைசென்ஸ், வேகம் 20 மைல். சர்ரே, ஸஸெக்ஸ் ஜில்லாக்களில் போலீஸார் வேலிச் செடிக்குள் ஒளிந்துகொண்டு கடிகாரம் பிடித்தார்கள். ஒரு பர்லாங்கை அளந்து வைத்துக்கொள்வது. 20 மைல் வேகத்தில் அதைக் கடக்க இருபத்திரண்டரை விநாடி ஆகும். அதற்குக் குறைந்தால் சீட்டுக் கிழிப்பது. கணக்கு என்னவோ சுத்தமான கணக்குத்தான். ஆனால் குழந்தைகள் விளையாடும் தெருவில் ஒளியாமல், வண்டிக்காரன் ஆசைப்பட்டு வேகம் பிடிக்கும் வெறிச்சோடிய சாலையில் போய் ஒளிந்தார்கள் என்று மோட்டார்க்காரர்கள் குற்றம் சாட்டினார்கள்.

குற்றம் சாட்டினதோடு நிற்கவில்லை. 1905-இல் மோட்டார்க்காரர்கள் சங்கம் ஒன்று ஆரம்பித்தார்கள். துணி மூடப்பட்ட அதே ஜாரட் அதன் முன்னோடிகளில் ஒருவர். சைக்கிளில் ஆட்களை அனுப்பி, போலீஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று வண்டிக்காரர்களை எச்சரிப்பதே சங்கத்தின் முதல் வேலை. 1910-இல் ஜட்ஜுகள் குறுக்கிட்டார்கள். மீறிப் போகிறவனை எச்சரித்துத் தப்பவைப்பது போலீஸ் வேலைக்கு இடைஞ்சல் செய்வதுதான் என்று தீர்ப்பு. சங்கம் யோசித்தது. 'நம் ஆள் உங்களுக்குச் சலாம் போடுவான். போடவில்லையென்றால் வண்டியை நிறுத்தி, ஏன் போடவில்லை என்று கேளுங்கள்' என்று அங்கத்தினர்களுக்குச் சொல்லிவிட்டது. சலாம் போடாததற்காக ஒருவனைத் தண்டிக்க எந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது? இந்தச் சலாம் 1960-களின் தொடக்கம் வரையில் நீடித்தது.

20 மைல் வரம்பும் லேசில் போகவில்லை. பிரான்ஸில் ல மான் நகரத்தில் 24 மணி நேரப் பந்தயம் 1923-இல் தொடங்கியது. பென்ட்லி வண்டிகள் 1924-இலும், பிறகு 1927 முதல் 1930 வரை நான்கு வருஷங்கள் தொடர்ந்தும் அங்கே ஜெயித்தன. ஐந்து தடவையும் வெற்றி வீரர்கள் சொந்த நாட்டுக்குத் திரும்பியபோது அங்கே சட்டப்படி வேகம் மணிக்கு 20 மைல்தான்! 1930 மார்ச்சில் உல்ப் பர்னாட்டோ என்ற பென்ட்லி வீரர், கான் நகரத்திலிருந்து புறப்படும் 'நீல ரயில்' கலே துறைமுகத்தை அடைவதற்குள் தாம் லண்டனையே அடைந்துவிடுவதாகப் பந்தயம் கட்டினார். நான்கு நிமிஷ வித்தியாசத்தில் ஜெயித்தார். பொதுச் சாலையில் பந்தயம் விட்டதற்காகப் பிரெஞ்சு அதிகாரிகள் விதித்த அபராதம், அவர் ஜெயித்த 100 பவுனுக்கு மேலாகிவிட்டது என்று சொல்வார்கள்.

1930-இல் செய்த சட்டத்தால் பிரிட்டனில் கார்களுக்கு வேக வரம்பே எடுபட்டது. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு 7,000 பேருக்கு மேல் சாலையில் இறந்தார்கள். 1935-இல், வீடுகள் உள்ள இடங்களில் 30 மைல் என்று வரம்பு திரும்பி வந்தது. வேலிச் செடிக்குள் ஒளிந்தவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்த எண்ணிக்கையைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். ல மானிலேயே 1955-இல் ஒரு வண்டி ஜனங்களுக்குள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பழைய பிடிவாதக்கார ஸ்விஸ் நாடு தன் மண்ணில் வளையப் பந்தயங்களையே அதன் பின் தடை செய்தது.

இன்றும் ஜூன் மாதத்தில் ஆங்கிலேயர்கள் கால்வாயைக் கடந்து ல மானுக்குக் காரில் போகிறார்கள். பந்தயம் பார்க்கப் போகிறவனுக்கு வலது கால் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். பிரெஞ்சுப் போலீஸாருக்கும் அது தெரியும். வரம்புக்கு மேல் 40 கிலோமீட்டர் போனால் லைசென்ஸை அங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டான் பணத்தையும் அங்கேயே கட்டவேண்டும். காமிராவைக் கண்டுபிடிக்கும் கருவி வைத்திருப்பதும் குற்றம். நாடு விட்டு நாடு அபராதச் சீட்டு அனுப்ப ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட ஏற்பாட்டிலிருந்து பிரிட்டன் விலகிவிட்டது. ஆகவே காமிரா பிடித்த படத்தைவிட, சாலையோரம் கை நீட்டும் மனிதனுக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம்.

அந்த மனிதனுக்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. பந்தயச் சரித்திரங்களில் அவன் பெயரும் வருவதில்லை. கில்டேரில் ஒரு நாள் அவனை வண்டிக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார்கள், நின்றான். மற்ற நாட்களில் வண்டியைப் பார்த்து நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒரு குழந்தை சாலையைக் கடந்து போகிறது.