தகரக் கோச்சியின் முத்திரை

இருப்புப்பாதை மட்டக்களப்பை வந்தடைந்தது 1928இல். அதற்கு முன்னரே உலகச் சந்தையிற் தகரக் கோச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாட்டனாரின் பெட்டகத்தில் அத்தகையதொன்று இன்று அகப்படின், நாம் முதலிற் தேடவேண்டியது முத்திரையை. “பவேரியா” என்றிருப்பின் அது பெரும்பாலும் நூரன்பேர்க் நகரத்துச் சரக்கு. அயல்நாட்டுப் பண்டம் ஆங்கிலப் பண்டமென வேடமிடாதிருக்க 1887இல் பிரித்தானியா சட்டமியற்றியது. வணிகப் போட்டியிற் பிறந்த அச்சட்டமே இன்று நமக்குத் துப்பு! “ஹோர்ன்பி” எனின் லிவர்பூல், 1920க்கு முந்தியதன்று. அங்கே தகரத்தை வளைத்துப் பொருத்தியோருட் பலர் பெண்கள். முத்திரையில் முதலாளியின் பெயருண்டு, அவர்கள் பெயரில்லை.

பழுது பார்ப்பதில் அவசரம் ஆகாது. வாவியின் உப்புக்காற்றிற் துருவேறிய சுருள்வில்லை அப்படியே முறுக்கினால் அது அறுந்து விரலைக் கிழிக்கும். மண்ணெண்ணெயால் துருவை இளக்கி, மெல்லிய எண்ணெயிட்ட பின்னரே சாவி கொடுத்தல் வேண்டும். நாகக் கலவையில் வார்த்த சக்கரங்கள் வெடித்திருப்பின், கலவையிற் சேர்ந்த ஈயத்தின் வேலை அது, ஒட்டிப் பயனில்லை. புது வர்ணமோ கூடவே கூடாது. பழைய அச்சோடு சாட்சியமும் மறைந்துவிடும்.

மட்டக்களப்புப் பறங்கியரிடையே உலோகவேலை பரம்பரைக் கைத்தொழிலாக இருந்து வந்தது. அத்தகைய தேர்ந்த கையிற் புதுச் சக்கரத்தைக் கடைவிப்போம்; அதன் உட்புறத்தில் அவ்வினைஞரின் பெயரையும் ஆண்டையும் பொறிக்கச் செய்வோம்.