விலங்கும் வழியும்: வியட்நாமியர் ஆங்கிலச் சொல் கற்ற வரலாறு

வியட்நாமில் அயல்மொழிப் பாடம் பல நூற்றாண்டுகளாகச் சொற்பட்டியலில்தான் தொடங்கிவந்திருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் சீன ஆட்சியிலிருந்து விடுபட்ட பின்னும் அரசாணை, தேர்வு, கல்வி எல்லாம் சீன எழுத்திலேயே நடந்தன. வீட்டில் பேசிய மொழி ஒன்று. ஏட்டில் எழுதிய மொழி வேறொன்று. பள்ளியில் அமர்ந்த சிறுவனுக்கு முதல் வேலை, தெரிந்த பொருளுக்குத் தெரியாத பெயரை மனப்பாடம் செய்வதாக இருந்தது. இதற்கென்றே செய்யுள் வடிவில் சொற்பட்டியல்கள் எழுந்தன. அறிஞர் ங்கோ தி ந்யாம் (1746–1803) பெயரில் வழங்கும் ‘தாம் தியென் து’ மூவாயிரம் எழுத்துகளைக் கற்பிக்கும் நூல். ஒரு சீனச் சொல், அடுத்து அதன் வியட்நாமியப் பொருள், மறுபடி ஒரு சீனச் சொல் என்று ஓசை இயைய அடுக்கிச் செல்லும் அமைப்பு அதனுடையது. ஓர் இணையின் ஒலி அடுத்த இணையை நாவுக்கு இழுத்துவரும்.

அதே காலத்தவரான ஃபாம் தின் ஹோ (1768–1839) இன்னொரு வழியில் சென்றார். அன்றாடப் புழக்கச் சொற்களைப் பொருள்வாரியாகப் பிரித்து ‘ந்யாத் யூங் துவோங் தாம்’ என்ற நிகண்டை அமைத்தார். உணவு, உடை, கருவி, பறவை, விலங்கு, மீன், பூச்சி என்று தனித்தனித் தொகுதிகள். இன்றைய ஆங்கிலப் பாடநூல் ‘விலங்குகள்’, ‘பயணம்’ என்று அலகு பிரிப்பதை ஐரோப்பிய முறை என்று பலர் எண்ணுகிறார்கள். வியட்நாமில் அதற்கு உள்நாட்டிலேயே ஆழமான வேர் உண்டு.

இந்தப் பழக்கத்தால் ஒரு விலங்குக்கு இரண்டு பெயர் வைத்திருப்பது வியட்நாமியருக்கு இயல்பாகிப்போனது. குதிரை பேச்சில் ‘ங்உவா’. சீன வழிச் சொற்சேர்க்கைகளில் ‘மா’. குதிரைத்திறனைக் குறிக்கும் அறிவியல் சொல்லில் நிற்பது ‘மா’தான். புலிக்கோ ‘ஹோ’, ‘கோப்’, ‘ஹூம்’ என்று பல பெயர்கள். காட்டோர மக்கள் அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி ‘முப்பதாம் ஐயா’ என்றும் குறித்தார்கள். ஆகவே மூன்றாவதாக ஓர் அயற்பெயரைச் சேர்ப்பது வியட்நாமிய மாணவனுக்கு ஒருநாளும் புதுமையாக இருந்ததில்லை. கடினம் வேறிடத்தில் இருந்தது. சீனத்தை அவன் கண்ணால் கற்றான், காதால் கற்கவில்லை. எழுத்துகளை வியட்நாமிய உச்சரிப்பிலேயே படித்தான். பெய்ஜிங் சென்ற தூதர்கள் தூரிகையால் எழுதிக் காட்டியே உரையாடினார்கள். 1597இல் வியட்நாமியத் தூதர் ஃபூங் காக் கோவான், கொரியத் தூதர் யி சு குவாங்கை பெய்ஜிங்கில் சந்தித்தபோது இருவரும் கவிதைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. ஆனால் கவிதைக்குக் கவிதை பதிலாயிற்று. இத்தனை நுட்பமான கல்வியில் ஒலிக்கு மட்டும் இடமில்லாமல் இருந்தது.

ஆங்கிலம் பேசுவோர் வியட்நாமில் நிலையாகத் தங்கத் தொடங்கியது 1672இல். கிழக்கிந்தியக் கம்பெனியின் வில்லியம் கிஃபர்ட், வடபகுதியான டோங்கினில் ஃபோ ஹியென் என்னும் ஆற்றங்கரைத் துறையில் பண்டகசாலை தொடங்கினார். இதே கிஃபர்ட் பின்னர் 1681 முதல் 1687 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். டோங்கின் வணிகம் சோபிக்கவில்லை. 1697இல் கடையை மூடினார்கள். ஆசியத் துறைமுகங்களில் அப்போது பெரிதும் ஓடிய ஐரோப்பிய மொழி போர்த்துகீசியம் என்பதால் உள்ளூர்க்காரர் ஆங்கிலம் கற்கத் தேவை எழவில்லை. ஆனாலும் அந்தக் கால்நூற்றாண்டு ஓர் அரிய நூலைத் தந்தது. ஹனோயில் டச்சுத் தந்தைக்கும் டோங்கினியத் தாய்க்கும் பிறந்த சாமுவேல் பேரன், 1680களின் நடுவில் சென்னைக் கோட்டையில் இருந்தபடி தன் பிறந்த நாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விவரணை எழுதினார். அது 1732இல் லண்டனில் சர்ச்சில் பயணத் தொகுப்பில் அச்சாயிற்று. வியட்நாமில் பிறந்த ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய மிகப் பழைய நூல்களில் ஒன்று சென்னையில் உருவானது என்பது இரு நாட்டு வரலாற்றிலும் அதிகம் பேசப்படாமலேயே இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு வழி திறந்தது வணிகம் அல்ல, எழுத்து. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கோ டி பினா முதலான இயேசு சபையினர் வியட்நாமியப் பேச்சை ரோமன் எழுத்தில் குறிக்கத் தொடங்கினர். சக பாதிரிமார்களின் கையெழுத்துச் சொற்றொகுப்புகளையும் பயன்படுத்தி அலெக்சாந்தர் டி ரோட் தொகுத்த வியட்நாமிய, போர்த்துகீசிய, லத்தீன் அகராதி 1651இல் ரோமில் வெளிவந்தது. அடுத்த பெரிய அகராதி வங்காளத்தில் அச்சேறியது. மின் மாங் அரசரின் ஒடுக்குமுறையால் வெளியேறிய ஆயர் ஜான் லூயி தபேர், 1838இல் செராம்பூர் அச்சகத்தில் தம் வியட்நாமிய லத்தீன் அகராதியை வெளியிட்டார். ‘குவோக் ஙூ’ எனப்படும் இந்த எழுத்துமுறை மறைப்பணியாளர் வட்டத்தைத் தாண்ட இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. மொழிபெயர்ப்பாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டார்கள். பன்மொழி வல்லுநர் துருவோங் வின் கீ (1837–1898), 1863இல் பாரிஸ் சென்ற ஃபான் தான் ஜியான் தூதுக்குழுவில் மொழிபெயர்ப்பாளராகப் போனவர். இலக்கணம், உரையாடல், சொற்றொகுதி என்று கற்பதற்கான நூல்களை இடைவிடாமல் எழுதினார். 1865இல் தொடங்கிய ‘ஜா தின் பாவ்’ குவோக் ஙூ எழுத்தின் முதல் செய்தித்தாள். 1919இல் ஹுவேயில் கடைசி அரசுத் தேர்வு நடந்து முடிந்ததும் சீன எழுத்துக் கல்வி சாய்ந்து குவோக் ஙூ அதன் இடத்தைப் பிடித்தது; ஆங்கிலத்தின் ரோமன் எழுத்து மாணவனுக்கு இனி புதிதல்ல.

பயணச் சொற்களில் பிரெஞ்சுக் காலத்தின் தடம் இன்றும் அழியவில்லை. சைகோன்–மீ தோ ரயில்பாதை 1885இல் திறக்கப்பட்டது. ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் நீண்ட பாதை 1936இல் நிறைவுற்றது. தண்டவாளம் எங்கே போனதோ அங்கே பிரெஞ்சுச் சொல்லும் போனது. நிலையம் ‘கா’, பயணச்சீட்டு ‘வே’, பயணப்பெட்டி ‘வா லி’, பெட்ரோல் ‘சாங்’. ஆனால் ரயிலை மக்கள் தங்கள் சொல்லாலேயே அழைத்தார்கள். தெற்கே அது நெருப்பு வண்டி, வடக்கே நெருப்புக் கப்பல். வடக்கின் வழக்கில் கடலில் போவதும் இரும்புப் பாதையில் போவதும் ஒரே ‘தாவ்’. ஆங்கிலம் கற்பவர் பின்னாளில் இதை இரண்டாகப் பிரித்து நினைவில் வைக்க நேர்ந்தது.

1954இல் நாடு இரண்டானபோது அயல்மொழியும் இரண்டாகப் பிரிந்தது. வடக்கில் ரஷ்யமும் சீனமும் முன்னுக்கு வந்தன. தெற்கில் பிரெஞ்சுக்குப் பக்கத்தில் ஆங்கிலம் வேகமாக வளர்ந்தது. சைகோனில் வியட்நாம் அமெரிக்கச் சங்கத்தின் மாலை வகுப்புகள் நிரம்பி வழிந்தன. லே பா கோங்கின் பாடநூல்களும் அகராதிகளும் வீடுகளில் இருந்தன. மொழியியலாளர் ங்குயென் தின் ஹோவா தொகுத்த வியட்நாமிய ஆங்கில அகராதி அறிஞர்களின் மேசையில் இருந்தது. 1975க்குப் பிறகு இந்த நிலை தலைகீழாயிற்று. ரஷ்யமே முதல் அயல்மொழி. பட்டப்படிப்புக்கும் பயிற்சிக்கும் சோவியத் நாட்டுக்குப் போவதே பலருக்குக் கிடைத்த வெளிநாட்டுப் பயணம். தெற்கில் ஆங்கிலம் தெரிந்த பலர் அதைப் பயன்படுத்த வழியின்றி வாழ்ந்தார்கள். இந்த இழப்பை எந்தக் கணக்கேடும் பதிவு செய்ததில்லை.

1986 டிசம்பரில் நடந்த ஆறாவது கட்சி மாநாடு ‘தோய் மோய்’ என்னும் சீரமைப்பை அறிவித்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் மாலை நேர ஆங்கில வகுப்புகள் நகரங்களெங்கும் முளைத்தன. 1990களின் வகுப்புகளில் பெரிதும் புழங்கியது பெர்னார்ட் ஹார்ட்லியும் பீட்டர் வைனியும் எழுதிய ‘ஸ்ட்ரீம்லைன்’ வரிசை. அதன் நான்கு பாகங்களின் தலைப்புகளும் புறப்பாடு, இணைப்பு, சேருமிடம், திசை என்று பயணத்தையே குறித்தன. விமான நிலையம், விடுதி வரவேற்பறை, சுங்கச் சோதனை என்று விரிந்த அந்தப் பாடங்களைப் படித்தவர்களில் பெரும்பாலோர் அதுவரை விமானமே ஏறாதவர்கள். அவர்கள் வெளியே போகும் முன் வெளியுலகம் உள்ளே வந்தது. 1990இல் சுமார் 2,50,000 வெளிநாட்டவர் வியட்நாம் வந்தார்கள்; 2019இல் அந்த எண்ணிக்கை 1 கோடியே 80 லட்சம். 1995 ஜூலையில் அமெரிக்காவுடன் தூதரக உறவு ஏற்பட்டதும், அதே மாதம் ஆங்கிலத்தை வேலைமொழியாகக் கொண்ட ஆசியான் அமைப்பில் நாடு சேர்ந்ததும் ஆங்கிலத்தின் இடத்தை உறுதியாக்கின.

இந்தக் காலத்தில் பழைய முறை புது உருவில் திரும்பியது. ஆங்கிலச் சொல், உடனே வியட்நாமியப் பொருள் என்று மாறி மாறி வரும் பெயரறியாப் பாடல் ஒன்று, நாட்டு யாப்பான ஆறு எட்டு அசை அடிகளில் கைக்குக் கை பரவியது. மூவாயிரம் எழுத்துச் செய்யுளின் நேர் வாரிசு அது. மனப்பாடத்தைப் பழிப்பது இன்று எளிது. ஆனால் அகராதி வாங்க முடியாத மாணவனுக்கு நூற்றுக்கணக்கான சொற்களை விலையின்றி நாவில் சேர்த்த கருவி அதுதான்.

பட்டியல் தாங்க முடியாத சுமை வேறு. வியட்நாமியத்தில் உயிரினப் பெயர்கள் இனம் சொல்லிப் பிறப்பவை. ஒட்டகச்சிவிங்கி நெடுங்கழுத்து மான், வரிக்குதிரை கோடுபோட்ட குதிரை, கங்காரு பையுள்ள எலி, பெங்குவின் குட்டைச் சிறகுப் பறவை, திமிங்கலம் யானைமீன், ஓங்கில் பன்றிமீன். வண்டிகளும் அப்படியே. சைக்கிள், மோட்டார் சைக்கிள், பேருந்து, லாரி எல்லாம் ‘ஸே’ என்ற ஒரே சொல்லில் தொடங்கும். ஆங்கிலத்தில் இந்தக் குடும்ப அடையாளம் அநேகமாக இல்லை. ஜிராஃப் என்ற சொல்லில் மானும் இல்லை, கழுத்தும் இல்லை. ஒவ்வொரு பெயரையும் தனியாகச் சுமக்கவேண்டும். எலியிலும் மாட்டிலும் சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. வியட்நாமியத்தில் ‘சுவோத்’ ஒன்றே. ஆங்கிலத்தில் ரேட், மவுஸ் என்று இரண்டு. ‘போ’ ஒன்று, அதற்கு எதிரே கௌ, புல், ஆக்ஸ் என்று மூன்று.

இலக்கணத்திலும் விலங்குகள்தான் முதலில் இடறவைக்கின்றன. வியட்நாமியப் பெயர்ச்சொல் பன்மைக்கு உருமாறாது. ‘ஹாய் கோன் மேவ்’ என்றால் இரண்டு பூனை. நடுவில் நிற்கும் ‘கோன்’ உயிரினங்களைக் குறிக்கும் வகைச்சொல். ஆறு, சாலை, கப்பல் ஆகியவற்றுக்கும் அதே சொல் வருவதுண்டு. ஆங்கிலத்தில் அந்த வகைச்சொல் இல்லை. மாறாக ஒழுங்கு மீறிய பன்மைகள் விலங்குப் பெயர்களில்தான் குவிந்துகிடக்கின்றன. மவுஸ் மைஸ் ஆகிறது, கூஸ் கீஸ் ஆகிறது, ஷீப் மாறாமலேயே நிற்கிறது.

ஒலியில் இடர் இன்னும் பெரிது. வியட்நாமிய அசை சில மெய்களில் மட்டுமே முடியும். ஸ், ஷ், ஃப் ஒலிகள் ஈற்றில் வருவதில்லை. அதனால் ஹார்ஸ், ஃபிஷ், ஜிராஃப் ஆகியவற்றின் கடைசி ஒலி பேச்சில் தேய்ந்து விழுகிறது. பன்மைக்குரிய ஸகரமும் சேர்ந்து விழுகிறது. ஸ்னேக், ஃப்ராக், ட்ரெயின் போன்ற மெய்க்கூட்டங்கள் நாவில் உடைகின்றன. நெடிலும் குறிலுமான இகரத்தை வேறுபடுத்தும் பழக்கம் இல்லாததால் ஆடும் கப்பலும், ஷீப்பும் ஷிப்பும், ஒரே சொல்லாகக் கேட்கின்றன. குவோக் ஙூ தந்த வசதியே இங்கே தடையும் ஆகிறது. ஆங்கில எழுத்துகளைக் கண்டதும் கண் தன் வழக்கப்படி படித்துவிடுகிறது; காது பின்தங்கிவிடுகிறது. தூரிகையால் பேசிய தூதர்களின் கல்வி மரபு தேர்வறைகளில் நெடுங்காலம் நீடித்தது. இலக்கண வினாக்களில் முழு மதிப்பெண் வாங்கியவர், வழி கேட்ட பயணியிடம் வாய் திறக்கத் தயங்கினார்.

இந்தத் தயக்கத்தை உடைத்ததில் பள்ளியைவிடச் சுற்றுலாவுக்கே பங்கு அதிகம் எனலாம். ஹனோயின் ஹோவான் கியெம் ஏரிக்கரையில் மாணவர்கள் வெளிநாட்டவரை அணுகிப் பேசிப் பழகுவது வழக்கமாகிவிட்டது. சா பா மலையூரில் கைவினைப் பொருள் விற்கும் மோங் இனப் பெண்களில் பலர், வகுப்பறை காணாமல் பயணிகளிடமே கேட்டுக் கேட்டு ஆங்கிலம் கற்றவர்கள். அவர்களுடைய ஆங்கிலம் காதில் தொடங்கியது. எழுத்து பிறகு வந்தது, சிலருக்கு வரவேயில்லை.

தேசியப் பூங்காக்களில் விலங்குச் சொற்களின் பட்டியலே மாறிப்போனது. பாடநூலில் சிங்கம், ஜிராஃப், வரிக்குதிரை ஆகிய ஆப்பிரிக்க விலங்குகள்; 1962இல் அமைந்த குக் ஃபுவோங் பூங்காவுக்கு வரும் பயணி கேட்பதோ லங்கூர், கிப்பன், எறும்புத்தின்னி. வழிகாட்டிகள் தங்கள் காட்டுக்குரிய சொற்களைத் தாங்களே தேடிச் சேர்க்கவேண்டியதாயிற்று. 1992இல் வூ குவாங் காட்டில் நடந்த ஆய்வில், அறிவியல் அதுவரை அறியாத நீண்ட கொம்புடைய பாலூட்டி ஒன்று வெளிப்பட்டது. உள்ளூர் மக்கள் வழங்கிய ‘சாவ்லா’ என்ற பெயரையே ஆங்கிலமும் எடுத்துக்கொண்டது. அந்த ஒரு விலங்குக்கு வியட்நாமிய மாணவர் புதுப்பெயர் கற்கவேண்டியதில்லை.

அரசு இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தது. 2008 செப்டம்பரில் அயல்மொழிக் கல்விக்கான தேசியத் திட்டம் பிரதமரின் ஆணையாக வந்தது. கேட்டல், பேசல் திறன்களை ஐரோப்பியப் பொது அளவுகோலை ஒட்டி அளப்பது அதன் பகுதி. 2018இல் அறிவித்த பொதுக்கல்விப் பாடத்திட்டத்தின்படி 2022–23 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பில் அயல்மொழி கட்டாயமாயிற்று; ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டன. தொடக்க வகுப்புப் பாடங்கள் வீட்டு விலங்கு, உயிரியல் பூங்கா, விடுமுறைப் பயணம் என்றே நகர்கின்றன. 2024 ஆகஸ்டில் ஆளும் கட்சியின் அரசியல் குழு, பள்ளிகளில் ஆங்கிலத்தைப் படிப்படியாக இரண்டாம் மொழியாக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. ஆனால் மலை மாவட்டப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கிறது. பல இடங்களில் ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று பள்ளிகளுக்கு மாறி மாறிச் செல்கிறார், சில இடங்களில் நகர ஆசிரியர் இணையவழித் திரையில் பாடம் நடத்துகிறார்.