வெற்று நாற்காலி

1965-ஆம் ஆண்டு ஜூலை முதல் 1966 ஜனவரி வரை, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் அமைச்சர் மன்றக் கூட்டங்களில் பிரான்சின் இருக்கை காலியாகவே இருந்தது. ‘வெற்று நாற்காலி நெருக்கடி’ என்று வரலாறு இதற்குப் பெயரிட்டுள்ளது. ஒரு நாட்டின் இறையாண்மை எங்கே முடிகிறது, கூட்டு முடிவு எங்கே தொடங்குகிறது என்ற வினாவை இவ்வளவு கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சிகள் நவீன ஐரோப்பாவில் சிலவே.

பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1957-இல் ரோமில் உடன்படிக்கை செய்தபோது, அமைச்சர் மன்றத்தில் பெரிய நாடுகள் மூன்றுக்கும் தலா 4, பெல்ஜியத்துக்கும் நெதர்லாந்துக்கும் தலா 2, லக்சம்பர்க்குக்கு 1 என மொத்தம் 17 வாக்குகள் வகுக்கப்பட்டன. முடிவெடுக்க 12 வாக்குகள் வேண்டும். 1966 ஜனவரி முதல் வேளாண்மை, வணிகம் முதலிய துறைகளுக்கும் இம்முறை விரிவடையவிருந்தது. கணக்கு எளியது: பிரான்ஸ் தனித்து எதிர்த்தால் எஞ்சிய 13 வாக்குகள் அதை வென்றுவிடும். ஆணையத்தின் தலைவர் வால்டர் ஹால்ஸ்டைன், சமூகத்துக்குச் சொந்த வருவாயும் அதன் நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரமும் கோரியது ஐயத்தை வளர்த்தது. 1940-இல் தாய்நாடு அந்நியர் வசமானதைக் கண்டு, லண்டனிலிருந்து போராடியவர் டி கோல். தம் நாட்டின் விதியைப் பிறர் வாக்குகளிடம் ஒப்படைக்க அவர் மனம் ஒப்பவில்லை. அந்த அச்சத்தை வெறும் ஆணவம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் வெளிநடப்புக்கும் விலை உண்டு. பொது வேளாண் கொள்கையால் பயன்பெறவிருந்த பிரெஞ்சு விவசாயிகளே அதிருப்தியுற்றனர். 1965 டிசம்பர் தேர்தலின் முதல் சுற்றில் டி கோல் பெரும்பான்மை பெறவில்லை. இரண்டாம் சுற்றிலேயே வென்றார். 1966 ஜனவரி இறுதியில் லக்சம்பர்க்கில் இணக்கம் பிறந்தது. ஒரு நாட்டின் மிக முக்கிய நலன் சம்பந்தப்பட்டால், அனைவரும் ஏற்கும் தீர்வை நியாயமான கால அளவுக்குள் காண முயல வேண்டும் என்றனர். ஒருமித்த முடிவு வரும்வரை பேச்சு தொடர வேண்டும் என்றது பிரான்ஸ். முயற்சி தோற்றால் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு நீடிப்பதையும் எழுதிவைத்துவிட்டு, அறுவரும் மீண்டும் கூடி அமர்ந்தனர்.

இவ்விடத்தில் உஹுத் நம் நினைவுக்கு வருகிறது. மதீனாவுக்குள் இருந்தே எதிரியைச் சந்திப்பதே நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே செல்லவேண்டும் என்றோரின் கருத்து மேலோங்கியது. அண்ணலார் அதை ஏற்றுப் புறப்பட்டார்கள். அப்துல்லாஹ் இப்னு உபையோ தன் ஆலோசனை ஏற்கப்படவில்லை என்று ஏறத்தாழ 300 பேருடன் பாதிவழியில் திரும்பினான். போர் பெருந்துயரில் முடிந்தது. எனினும் அதன்பின் அருளப்பட்ட ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம் கலந்தாலோசிக்கவே பணிக்கிறது. டி கோலை இப்னு உபையோடு நாம் ஒப்பிடவில்லை. இருவர் சூழலும் நோக்கமும் வேறு. ஆலோசனையில் தோற்றவர் அவையில் தங்குவதா, விலகுவதா என்ற வினா மட்டுமே பொதுவானது. ஷூராவின் முடிவு தலைவரைக் கட்டுப்படுத்துமா என்பதில் நம் அறிஞர்களும் இன்றுவரை ஒருமித்ததில்லை.

பிந்தைய வரலாறு இரு பக்கமும் பாடம் தருகிறது. 1982-இல் லக்சம்பர்க் இணக்கத்தைக் காட்டி வேளாண் விலைகளைத் தடுக்க முயன்ற பிரிட்டன் வாக்கெடுப்பில் தோற்றது. அந்நாடு 2020-இல் ஒன்றியத்தை விட்டே வெளியேறியது. மறுபுறம், புதிய உறுப்பினரைச் சேர்க்க இன்றும் அனைவர் ஒப்புதலும் தேவை. 2005-இல் பேச்சு தொடங்கிய துருக்கிக்கு, மறு ஆண்டே சைப்ரஸ் விவகாரத்தால் எட்டு அத்தியாயங்களில் கதவு அடைக்கப்பட்டது. தன் வீட்டைக் காக்கப் பெற்ற தாழ்ப்பாள் பிறர் வழியை அடைக்கவும் பயன்படும்.

பெரும்பான்மை சிறுபான்மையை நசுக்கலாம். தனியொருவரின் மறுப்பு அனைவரையும் முடக்கலாம். இரண்டுக்கும் இடையே பொறுமையோடு பேசுவதற்கான அவகாசத்தையே லக்சம்பர்க் ஈட்டித் தந்தது. ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் சிறு பிணக்குக்கே எழுந்து வெளியேறப் பழகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: காலியான நாற்காலி பிறரைச் சிறிது காலம் தடுத்து நிறுத்தலாம், ஆனால் நமக்காகப் பேசாது.