தாயின் முன் கமராவை எங்கே வைப்பது?

வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கு கமராவுடன் போன என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் எடுத்தது ஒரே ஷொட்தான்: அழும் முகத்தின் குளோஸ்-அப். ஒரு தாயிடம் என் காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். தன் கண்ணீர் தெரிகிறது, கையில் பிடித்திருந்த மகனின் புகைப்படம் எங்கே என்று கேட்டார். அது சட்டகத்துக்கு வெளியே போயிருந்தது.

இப்போது கமராவைத் தொடுமுன் தாளில் இரண்டு நிரல் போடுகிறேன். இடப்பக்கம் சொல்லப்போவது, வலப்பக்கம் காட்டப்போவது. "மகன் இல்லாத வீடு" என்றால் எதைக் காட்டுவது? முற்றத்தின் வைட் ஷொட். புகைப்படத்தைத் துடைக்கும் கையின் குளோஸ்-அப். தாயும் புகைப்படமும் சேர்ந்து தெரியும் மிட் ஷொட். அவர் பாயில் இருந்தால் கமராவும் அவரது கண் மட்டத்துக்கு இறங்கவேண்டும். நின்றபடி எடுத்தால் அவர் சிறுத்துப்போவார்.

நிறத்தையும் முன்கூட்டியே தீர்மானிக்கலாம். அலன் ரெனேயின் 'இரவும் மூடுபனியும்' (1956) வெறும் 32 நிமிடப் படம். நாசி முகாம்களின் பழைய காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வரும். புல் முளைத்த வெறும் முகாமில் கமரா மெல்ல நகரும் காட்சிகள் கலரில். ஆளில்லாத இடம் எவ்வளவு பேசும் என்று அதில்தான் கண்டேன்.

முகம் காட்ட விரும்பாதவரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நிழலுருவாக எடுக்கலாம். ஆனால் வீட்டு இலக்கமோ பிள்ளையின் பாடசாலைச் சீருடையோ பின்னணியில் தெரிந்தால் அதனால் பயனில்லை. எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.