ஜப்பானிய வாளும் எண்ணெய்க் காப்பும்

ஜப்பானிய வாளின் அலகு கரிமம் மிகுந்த எஃகினால் அடிக்கப்படுவது. இன்றைய துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியம் அதில் இல்லை. விரல் பட்ட இடத்தில் தங்கும் வியர்வை உப்பே துரு பிடிக்கப் போதுமானது. வாளை உருவிப் பார்ப்பவர்கள் எச்சிலும் மூச்சும் அலகில் படாதிருக்க மடித்த தாளை வாயில் கவ்விக்கொள்ளும் வழக்கம் இதனால் தோன்றியது. காமகுரா காலத்தில், அதாவது 13ஆம் நூற்றாண்டை ஒட்டிச் செய்யப்பட்ட வாள்கள் சில இன்றும் கண்ணாடிபோல் ஒளிர்கின்றன. அதற்குக் கொல்லரின் திறமை மட்டும் காரணமன்று. 700 ஆண்டுகளாகத் துடைத்து எண்ணெய் பூசி வந்த கைகளும் காரணமாகும்.

துரு பிடித்தால் மீண்டும் மெருகிட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மெருகிடுவது என்பது கற்களால் எஃகைத் தேய்த்து எடுப்பது. ஒவ்வொரு முறையும் அலகு சிறிது மெலிகிறது. பெரும்பாலான வாள்களில் மேலே கடினமான எஃகும் உள்ளே மென்மையான இரும்பும் இருக்கும். பலமுறை மெருகிட்ட வாளில் மேல்தோல் தேய்ந்து உள்ளிரும்பு திட்டுத்திட்டாக வெளியே தெரியும். அத்தகைய வாளை வல்லுநர்கள் ‘களைத்துப்போன வாள்’ என்கின்றனர். அதை யாராலும் திரும்பச் சரிசெய்ய முடியாது. ஆகவே எண்ணெய் துருவை மட்டும் தடுப்பதில்லை, அடுத்த மெருகீட்டையும் தள்ளிப்போடுகிறது.

பயன்படும் எண்ணெய் ‘சோஜி’ எனப்படும். சோஜி என்றால் கிராம்பு. மரபாகக் கமேலியா விதை எண்ணெயில் சிறிதளவு கிராம்பு எண்ணெய் கலந்து இதைச் செய்தனர். இப்போது கனிம எண்ணெயே அடிப்படையாக இருக்கிறது. பூசும் முறை எளியது, ஆனால் அவசரத்துக்கு இடம் தராதது. பழைய எண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகிக் கறை உண்டாக்கும் என்பதால், முதலில் அதை மென்மையான தாளால் துடைத்தெடுக்க வேண்டும். தாளை அலகின் முதுகுப் பக்கமிருந்து மடித்துப் பிடிப்பார்கள். விளிம்புப் பக்கமிருந்து பிடித்தால் விரல் போய்விடும். பின்னர் ‘உச்சிகோ’ என்ற கல்தூள் பட்டுத்துணிப் பொட்டலத்திலிருந்து அலகின்மேல் தட்டப்படும். மெருகுக் கல்லை இடித்துச் சலித்த இத்தூள் எஞ்சிய எண்ணெயை உறிஞ்சும். அதையும் துடைத்தபின் புதிய எண்ணெய் மிக மெல்லிய படலமாகப் பூசப்படும். தாராளமாகப் பூசுவது நல்லதன்று. மிகுதி எண்ணெய் உறைக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். கல்தூளும் நுண்ணிய கீறல்களை உண்டாக்கும் என்பதால் இன்று பாதுகாவலர் பலர் அதைத் தவிர்க்கின்றனர்.

உறையும் இப்பராமரிப்பின் ஒரு பகுதியே. ஹோ எனப்படும் மென்மையான மக்னோலியா மரத்தில் இரு பாதிகளாகச் செதுக்கி, சோற்றுப் பசையால் ஒட்டுவார்கள். வலுவற்ற பசையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: உள்ளே அழுக்கோ துருவோ சேர்ந்தால் உறையைப் பிளந்து சுத்தம் செய்துவிட்டு மீண்டும் ஒட்டலாம்.

இவ்வேலை ஏவலாளருக்குரியதாகக் கருதப்படவில்லை. ஹோன்அமி குடும்பத்தார் வாளை மதிப்பிடுதல், மெருகிடுதல், துடைத்துப் பேணுதல் ஆகிய மூன்றையும் குலத்தொழிலாகக் கொண்டு ஆட்சியாளர்களிடம் பணியாற்றினர். எழுத்தணிக் கலையாலும் மட்கலங்களாலும் புகழ்பெற்ற ஹோன்அமி கோயெட்சு (1558–1637) இக்குடும்பத்தவரே. 1719இல் ஷோகன் தொகுகாவா யோஷிமுனேயின் ஆணைப்படி புகழ்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்தவர்களும் இவர்கள்தாம்.

அலகை இவ்வளவு கருத்தாகக் காத்தவர்கள், கைப்பிடிக்குள் மறையும் அடிப்பகுதியின் துருவை மட்டும் தொடுவதில்லை. கொல்லரின் பெயர் வெட்டப்படும் இடம் அதுவே. அங்கே படிந்த கரிய துருவின் நிறத்தையும் தன்மையையும் பார்த்தே வாளின் வயதை மதிப்பிடுகின்றனர். விவரமறியாத ஒருவர் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால், வாள் எவர் செய்தது, எக்காலத்தது என்பதற்கான சான்று அழிந்துவிடும்.

1876இல் மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் தரிப்பதைத் தடைசெய்தது. அதைவிடப் பெரிய இழப்பு 1945க்குப் பின் நேர்ந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்புப் படை வாள்களை ஆயுதங்களாகக் கருதிப் பறிமுதல் செய்தது. எண்ணற்றவை அழிக்கப்பட்டன, பல வெளிநாடு சென்றன. தோக்கியோவின் அகபானே கிடங்கில் குவிக்கப்பட்டவற்றிலிருந்து ஏறத்தாழ 5,500 வாள்கள் கலைமதிப்புள்ளவை எனப் பிரித்தெடுக்கப்பட்டு, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் சேர்க்கப்பட்டன. உரியவர்களைக் கண்டறிய இயலாமல் பல பத்தாண்டுகள் அவை அங்கேயே கிடந்தன. அத்தனை வாள்களையும் முறையாகப் பேணுவது நடக்கவில்லை; பெரும்பாலானவை துருவேறின. 1995இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டு, 1999இல் 3,000க்கும் மேற்பட்ட ‘அகபானே வாள்கள்’ நாடெங்கும் உள்ள பொது அருங்காட்சியகங்களுக்கு வழங்கப்பட்டன. பெற்றுக்கொண்ட இடங்களில் காட்சிக்கு வைப்பதற்கு முன் பல வாள்களை மீண்டும் கல்லில் தேய்க்க வேண்டியதாயிற்று.